துரையிடம் கேட்டுவிட்டா 1990ஐ அழைப்பது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலன்புரி உத்தியோகத்தராகக் கொட்டகலைத் தோட்டமொன்றில் சேர்கிறாய் என்று அறிந்து சந்தோஷம். சேமலாப நிதிப் படிவம், பிள்ளைக்காம்பரா இதெல்லாம் கற்றுத்தர ஆபீசில் ஆள் இருப்பார்கள். ஆபத்து வேளையில் யாரை அழைப்பது என்பதைச் சொல்லித்தர ஆள் இருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மலையில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், கணக்கப்பிள்ளை துரையிடம் சொல்வார், துரை லொறி அனுப்புவார். ஒரு காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இன்று நாடு முழுவதும் ஓடுகிறது. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். இருந்தும் உத்தரவுக்குக் காத்திருக்கும் பழக்கம் போகவில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் 1990, பிறகு துரை.

குளவிக்கொட்டையே எடுத்துக்கொள். ஒன்றிரண்டு கொட்டு, கொட்டிய இடத்தில் மட்டும் வீக்கம் என்றால் டிஸ்பென்சரி போதும். மூச்சு இழுத்தாலோ, முகம் நாக்கு வீங்கினாலோ, வாந்தி மயக்கம் வந்தாலோ, உடம்பெங்கும் கொட்டியிருந்தாலோ உடனே அழை. களைநாசினி குடித்தவர் “ஒன்னுமில்லை” என்று எழுந்து உட்கார்ந்தாலும் அழை. சில நஞ்சு முதல் நாள் எதையும் காட்டாது. போத்தலையும் கூடவே அனுப்பு. ஆனால் கிளினிக் போக 1990ஐக் கூப்பிடாதே. அதே நேரம் வட்டவளையில் ஒரு பிரசவ வலி காத்திருக்கலாம்.

இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கும் வன்முறைக்குத்தான் பொலிஸின் 119. சம்பள நாள் இரவில் கத்தியோடு நிற்பவன், அடுத்த காம்பராவில் அடிபடும் பெண். “புருஷன் பெண்டாட்டி சண்டை” என்று ஒதுங்குகிறவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைச் சொல். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 இருக்கின்றன. ஆடு காணோம், பீலித் தண்ணீருக்கு நேற்று வாய்த்தகராறு என்பவை பொலிஸ் நிலையத்தில் எழுத வேண்டிய முறைப்பாடுகள். கொட்டகலை டவுனுக்குத் திம்புள்ள-பத்தனை பொலிஸ். உன் தோட்டத்துக்கு எது என்று முதல் நாளே கேட்டு, நிலைய எண்ணைக் குறித்துவை. தமிழில் முறைப்பாடு கொடுப்பது உரிமை. விளங்காத மொழியில் எழுதியதற்கு யாரையும் கையெழுத்து வைக்க விடாதே.

மலைச்சரிவில் வெடிப்பு கண்டால், திடீரெனக் கலங்கல் நீர் ஊறினால் முதலில் ஆட்களை வெளியேற்று, பிறகு அனர்த்த அவசர எண்ணான 117ஐ அழை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களோடு மனிதர்களும் மண்சரிவில் புதைந்ததை மறக்காதே.

அழைப்பை எடுப்பவர் “எங்கே?” என்பார். லயத்துக்கு வீதிப் பெயர் இல்லை. பல குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயரே முகவரி. தோட்டம், டிவிசன், லய இலக்கம், மெயின் ரோட்டில் திரும்பும் இடம், பக்கத்துக் கோயில் என்று வரிசையாகச் சொல். வாகனம் எதுவரை ஏறும் என்பதையும் சொல்லி, அங்கே ஒருவரை டோர்ச்சோடு நிறுத்து. அவர்கள் வைக்குமுன் நீ போனை வைக்காதே.

சந்தேகம் வந்தால் அழைத்துவிடு. தேவையில்லாமல் வந்த வாகனம் திரும்பிப் போகும். தாமதித்துப் போன உயிர் திரும்பாது.

சேர்ந்த வாரமே இந்த எண்களை லயத்துக்கு லயம் தமிழில் எழுதி ஒட்டு. துரையை மட்டுமல்ல, உன்னைக்கூடத் தேடாமல் அவர்களே அழைக்கப் பழக வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்