பாயின்ட் ஷூ இல்லாமலும் மேடை ஏறலாம்

கேள்வி: பதினேழு வயதுவரை பாலே ஆடினேன். படிப்பு, வேலை, பிள்ளைகள் என்று விட்டுப்போயிற்று. இப்போது வயது 46. மூன்று வருடமாகப் பெரியவர்களுக்கான வகுப்புக்குப் போய்வருகிறேன். டிசம்பரில் எங்கள் பள்ளி 'நட்கிராக்கர்' போடுகிறது. பூக்களின் வால்ட்ஸில் பாயின்ட் ஷூ அணிந்து ஆடச் சொல்கிறார் ஆசிரியை. ஆசையாக இருக்கிறது, இந்த வயதில் சிரிப்பார்களோ என்று கூச்சமாகவும் இருக்கிறது. ஆடலாமா?

– ஒரு வாசகி, லண்டன்

பதில்: தாராளமாக ஆடுங்கள். வயதை நினைத்துக் கூச்சமே வேண்டாம். பாலே நடனக் கலைஞர் அலெஸாண்ட்ரா ஃபெர்ரி 2007இல், 44 வயதில் மேடையிலிருந்து விடைபெற்றார். 2013இல் திரும்பி வந்தார். 2015இல் உங்கள் ஊர் ராயல் பாலேயின் 'வுல்ஃப் வொர்க்ஸ்' மேடையேறியபோது அவருக்கு 52. எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபாக அவர் வந்து நின்றதில் இருந்த கனம் இருபது வயதுக்காரிக்கு வராது.

என் தயக்கமெல்லாம் பாயின்ட் ஷூவைப் பற்றித்தான். உடம்பின் மொத்தப் பாரமும் கால்விரல் நுனியில் இறங்கும். கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அதைத் தாங்க வேண்டும். பயிற்சி செய்தால் தசை சில வாரங்களில் தேறிவிடும். குதிகால் தசைநாண் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். வெறுங்காலோடு, முழங்கால் மடங்காமல் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழுதாக உயர்த்தி மெல்ல இறக்குங்கள். காலுக்கு இருபது தடவை நடுங்காமல் செய்ய முடியவில்லை என்றால், இந்த டிசம்பருக்குப் பாயின்ட் ஷூ வேண்டாம். முடிந்தாலும், நடனக்காரர்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காலைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

அதே வால்ட்ஸை மென்காலணியில் ஆட அனுமதி கேட்கலாம். என்னைக் கேட்டால், முதல் அங்கத்துக் கிறிஸ்துமஸ் விருந்தில் ஒரு தாயாக வாருங்கள் என்பேன். 1892இல் முதல் மேடையேற்றத்திலேயே குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஆடிய காட்சி அது. அங்கே உங்கள் வயது கலைக்குப் பலம். பதினாறு வயதுப் பெண் அம்மா வேஷம் போட்டால் ஒட்டாது.

வால்ட்ஸ்தான் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அது இரண்டாம் அங்கத்தில், கடைசிக்குச் சற்று முன்னால் வருகிறது. தொடக்கத்தில் சூடேற்றிய தசை அதற்குள் ஆறிவிடும். கம்பளிக் காலுறையோடு காத்திருங்கள். நுழைவதற்குப் பத்து நிமிடம் முன்பு எதையாவது பிடித்துக்கொண்டு பிலியே (முழங்காலை மடக்குவது), ரிலவே (குதிகாலை உயர்த்துவது) செய்யுங்கள்.

கண்ணாடிக்கு முதுகு காட்டி இப்போதே ஒத்திகை தொடங்குங்கள். மேடையில் கண்ணாடி இருக்காது, எதிரே இருட்டுதான். எந்தப் பாத்திரம் என்பதை, உடைக்கு அளவெடுக்கும் முன்பே ஆசிரியையிடம் சொல்லிவிடுங்கள்.