பீங்கானும் கண்ணாடியும் சொல்லும் வரலாறு

பயன்பாடு முடிந்த பொருளைச் சிலர் குப்பை என்று வீசிவிடுவர். வேறு சிலரோ அதே பொருளைக் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்கி வைப்பர். அஞ்சல்தலை, நாணயம், பழைய நாளிதழ் போன்றவற்றைச் சேகரிப்போரைப் போலவே, பழங்காலக் கண்ணாடிக் குவளைகளையும் பீங்கான் பாத்திரங்களையும் தேடிச் சேகரிப்போரும் உலகெங்கும் உள்ளனர். தீபகற்ப மலேசியாவின் தென்கோடியில் உள்ள ஜொகூர் மாநிலத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு நீண்ட பின்னணி உண்டு. அரண்மனையில் உள்ள படிக மேசை முதல் தோட்டப்புற வீட்டின் பூச்சாடி வரை, ஐரோப்பாவில் உருவான பொருள்கள் பல வழிகளில் இம்மண்ணை வந்தடைந்தன.

இப்பொருள்களின் பெயர்களே அவை கடந்து வந்த தூரத்தைக் காட்டுகின்றன. தமிழில் வழங்கும் ‘பீங்கான்’ என்னும் சொல் பாரசீக மொழியிலிருந்து வந்தது. தட்டைக் குறிக்கும் ‘பிங்கான்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கும் அதே பாரசீகச் சொல்தான் மூலம். தமிழரும் மலாய்க்காரரும் ஒரே வணிகப் பாதையிலிருந்து ஒரே சொல்லைப் பெற்றுக்கொண்டனர். ‘கோப்பை’ போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். தமிழர் வீடுகளில் வழங்கும் ‘மங்கு’ என்னும் சொல்லோ கிண்ணத்தைக் குறிக்கும் ‘மங்கோக்’ என்னும் மலாய்ச் சொல்லோடு உறவுடையது. பொருள் கப்பலில் வந்தபோது அதன் பெயரும் கூடவே வந்தது.

ஜொகூரில் ஐரோப்பியக் கண்ணாடிப் பொருள்களின் புகழ்பெற்ற சேகரிப்பு அரச குடும்பத்தினுடையது. நவீன ஜொகூரின் தந்தை எனப் போற்றப்படும் சுல்தான் அபு பக்கார் 1866ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குப் பயணம் செய்தார். அக்காலத்தில்தான் ஜொகூர் பாருவில் கடலை நோக்கியபடி இஸ்தானா பெசார் என்னும் பேரரண்மனை எழுந்தது. இவ்வரண்மனை 1990இல் அரச அருங்காட்சியகமானது. அங்குள்ள அரும்பொருள்களுள் பிரான்சு நாட்டின் பக்காரா நிறுவனத்துப் படிகக் கண்ணாடி மேசையும் நாற்காலிகளும் குறிப்பிடத்தக்கவை. 1764ஆம் ஆண்டு மன்னர் பதினைந்தாம் லூயியின் அனுமதியோடு தொடங்கப்பட்ட நிறுவனம் அது. தம் நாடு ஐரோப்பிய அரசுகளுக்கு நிகரானது என்பதை வரும் விருந்தினருக்கு உணர்த்த, ஆட்சியாளர்கள் இத்தகைய பொருள்களைக் கொண்டு அரண்மனையை அழகுபடுத்தினர்.

எளிய மக்களின் வீடுகளுக்கும் ஐரோப்பியப் பீங்கான் வந்து சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத் தொழிற்சாலைகள் தென்கிழக்கு ஆசியாவுக்கென்றே ஏராளமான தட்டுகளையும் கிண்ணங்களையும் அனுப்பின. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்த பெல் நிறுவனம் தன் தட்டுகளின் வடிவமைப்புகளுக்கு மலாய்ப் பெயர்களைச் சூட்டி, ஜாவி எழுத்திலும் அவற்றை அச்சிட்டது. வாங்குவோரின் மொழியைத் தெரிந்துகொண்டு வணிகம் செய்யும் உத்தி அன்றே இருந்தது. இத்தட்டுகள் பெரும்பாலும் திருமணம், பெருநாள் ஆகிய சிறப்பு நாள்களில் மட்டுமே வெளியே எடுக்கப்பட்டன. அதனால்தான் நூறாண்டுகளைக் கடந்தும் பல தட்டுகள் உடையாமல் எஞ்சியுள்ளன.

கடல் கடந்து தொழில் செய்த தமிழரும் இப்பொருள்களை விரும்பி வாங்கினர். பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் செட்டிநாட்டில் மாளிகைகளைக் கட்டினர். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி எனப் பல நாட்டுப் பொருள்கள் அங்கு ஒரே கூரையின் கீழ் அமைந்தன. மகளுக்குச் சீராக அடுக்கடுக்காய் மங்குச் சாமான்கள் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடல் கடந்த தொழில் சரிந்தது. மாளிகைகள் பல பங்காளிகளுக்குப் பிரிந்தன. வீட்டுப் பொருள்கள் விலைக்கு வந்தன. காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளின் எனாமல் பாத்திரங்களை இன்றும் காணலாம்.

இன்றைய சேகரிப்பாளர்கள் பலர் தேடுவது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பொருள்களை. போர் முடிந்த ஐரோப்பாவில் நகரங்கள் சிதைந்து கிடந்தன; அரசுகள் கடனில் தவித்தன. பிரிட்டனில் அலங்காரப் பீங்கானை உள்நாட்டில் விற்பதற்கு 1952 வரை தடை இருந்தது. வண்ணப் பீங்கான்கள் ஏற்றுமதிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டன. அந்நியச் செலாவணியை ஈட்டுவதே இதன் நோக்கம். இங்கிலாந்து மக்கள் வெள்ளைத் தட்டில் உண்டபோது, அவர்கள் செய்த பூப்போட்ட தட்டுகள் பிற நாட்டு மேசைகளை அலங்கரித்தன.

அக்காலத்தில் கலைஞர்கள் புதிய வடிவங்களையும் படைத்தனர். பின்லாந்தின் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ 1936இல் அலை போல் வளைந்த கண்ணாடிப் பூச்சாடியை வடிவமைத்தார். இத்தாலியில் வெனிஸ் நகரை அடுத்த முரானோ தீவு 1291 முதல் கண்ணாடித் தொழிலின் தாயகம். அங்கு 1940களின் இறுதியில், கைக்குட்டையின் நடுவைப் பிடித்துத் தலைகீழாக நிறுத்தியது போன்ற சாடி உருவானது. இங்கிலாந்தின் ஜெஃப்ரி பாக்ஸ்டர் மரப்பட்டை, ஆணி, செங்கல் ஆகியவற்றைக் கொண்டு அச்சுகள் செய்தார். அவற்றில் வார்த்த சொரசொரப்பான கண்ணாடிச் சாடிகள் 1967இல் விற்பனைக்கு வந்தன. மேற்கு ஜெர்மனியின் குயவர்கள் எரிமலைக் குழம்பு உறைந்தது போன்ற தடித்த மெருகைத் தங்கள் சாடிகளுக்குப் பூசினர். இவற்றுள் பல சாதாரணக் கடைகளில் விற்ற பொருள்களே. நடுத்தரக் குடும்பமும் அழகை வீட்டுக்கு வாங்கிச் செல்ல முடிந்தது.

பழைய பொருளை எவ்வாறு அடையாளம் காண்பது? அனுபவமுள்ள சேகரிப்பாளர் முதலில் பொருளைக் கவிழ்த்து அதன் அடிப்பகுதியைப் பார்ப்பார். ஊதிச் செய்த கண்ணாடியின் அடியில், இரும்புக் கோலிலிருந்து அதைப் பிரித்தெடுத்த தழும்பு இருக்கலாம். பல ஆண்டுகள் மேசையில் உராய்ந்த பொருளின் அடியில் ஒழுங்கற்ற நுண்கீறல்கள் காணப்படும். கீறல்கள் அனைத்தும் ஒரே திசையில் இருந்தால், யாரோ உப்புத்தாளால் தேய்த்துப் பழமையாக்கியிருக்கலாம் என ஐயுறுவார். சில பச்சைக் கண்ணாடிகள் புற ஊதா ஒளியில் பளிச்சென ஒளிர்ந்தால், அவற்றில் யுரேனியம் கலந்திருப்பதை அறிவார்.

அடியில் பொறித்த நாட்டின் பெயரும் காலத்தைச் சொல்லும். அமெரிக்கா இயற்றிய சட்டத்தால், 1891 முதல் அந்நாட்டுக்கு அனுப்பும் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயரைக் குறிப்பிட வேண்டியிருந்தது. செக்கோஸ்லோவாக்கியா என்னும் நாடு 1918இல் பிறந்து 1992இன் இறுதியில் மறைந்தது. ஆகவே, அப்பெயரைத் தாங்கிய சாடி 1918க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. மேற்கு ஜெர்மனி என்னும் நாடு 1949 முதல் 1990 வரை இருந்தது. அந்நாட்டுச் சாடிகள் பலவற்றில் ‘517-30’ என்பதைப் போன்ற எண்கள் இருக்கும். முதல் எண் வடிவத்தைக் குறிக்கும்; இரண்டாவது எண் உயரத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கும். இவ்வாறு ஒரு சாடியின் அடிப்பகுதி வரலாற்றுப் பாடத்தையும் நினைவூட்டுகிறது.

எனினும் ஒரே ஒரு சான்றை வைத்து முடிவு செய்வது தவறு. ஆல்டோவின் பூச்சாடி இன்றும் தயாரிக்கப்படுகிறது. வடிவத்தை மட்டும் பார்த்து அது 1930களைச் சேர்ந்தது என்று கூறிவிட முடியாது. முத்திரைகளையும் போலியாகப் பொறிக்கலாம். எடை, நிறம், தேய்மானம், முத்திரை ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று உறுதிப்படுத்த வேண்டும். ஜொகூர் பாருவின் செக்கெட் சாலைப் பகுதியில் ‘பாசார் காராட்’ எனப்படும் இரவுச் சந்தை பெயர் பெற்றிருந்தது. அதன் பெயருக்குத் ‘துருச் சந்தை’ என்று பொருள். இத்தகைய சந்தைகளில் கண்ணும் பொறுமையும் உள்ளவரே ஏமாறாமல் வாங்குவர்.

வாங்கிய பொருளைப் பேணுவதும் ஒரு கலையே. கொதிநீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால், உட்புறம் விரைந்து விரிவடைய, வெளிப்புறம் விரிவடையாமல் நிற்கும். அந்த இழுவிசையால் கண்ணாடி வெடிக்கும். பூச்சாடியில் நீரை நெடுநாள் தேக்கி வைத்தால் வெண்படலம் படிந்து நிலைத்துவிடும். பழைய படிகக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். ஆங்கிலேயர் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் பதினேழாம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த இம்முறை கண்ணாடிக்கு எடையையும் மின்னலையும் தந்தது. ஆனால், அப்பாத்திரத்தில் ஊறுகாய், பழச்சாறு போன்ற புளிப்பான உணவை வைத்திருந்தால் ஈயம் உணவில் கரையும். அது உடலுக்குத் தீங்கானது. ஆகவே, அத்தகைய பாத்திரங்களைக் காட்சிக்கு மட்டும் வைப்பதே நன்று.

சேகரிப்பில் விலையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதுவே பொருளின் வரலாறு. தோட்டப்புற வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்த ஒரு பூச்சாடியை எண்ணிப் பார்க்கலாம். பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தில் பாட்டி எந்த ஊரில் எதற்காக அதை வாங்கினார் என்பது குடும்பத்தாருக்குத் தெரிந்திருக்கும். வீடு மாறும்போது பழைய சாமான் வாங்குபவரிடம் அது சில ரிங்கிட்டுக்குப் போனால், சாடி உடையாமல் தப்பிவிடும். அதன் கதையோ அன்றே மறைந்துவிடும். பிறகு பெரும் விலை கொடுத்து வாங்குபவராலும் அக்கதையை மீட்க முடியாது. ஒரு சிறு தாளில் வாங்கியவர், ஊர், ஆண்டு, காரணம் ஆகியவற்றை எழுதிப் பொருளோடு வைத்தால் போதும். அந்தத் தாள் இருந்தால் சாதாரணச் சாடியும் குடும்ப ஆவணமாகும்.

கடலிலும் மண்ணிலும் கிடைக்கும் பொருள்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2001ஆம் ஆண்டு ஜொகூரின் தெசாரு கடற்கரைக்கு அப்பால், ஏறத்தாழ 1830ஐச் சேர்ந்த சீனக் கப்பலின் சிதைவு கண்டறியப்பட்டது. அதில் சீனப் பீங்கான்களும் செம்மண் தேநீர்க் கெண்டிகளும் இருந்தன. ஒரு கெண்டியை மட்டும் எடுத்துச் சென்றால் அது அழகுப் பொருளாகவே இருக்கும். முழுச் சரக்கையும் ஆராயும்போதுதான் எந்தப் பொருள்கள் ஒன்றாக விற்கப்பட்டன என்பது புலப்படும். அதனால், இத்தகைய கண்டுபிடிப்புகளை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் வலியுறுத்துகிறது.

உடைந்தவற்றுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு ஆசியக் கோவில்கள் சான்றாகும். பாங்காக்கின் வாட் அருண் கோபுரம் சீனக் கப்பல்களில் வந்த பீங்கான் துண்டுகளால் அழகுபடுத்தப்பட்டது. அக்கோவிலின் ஒளி ஜொகூர் பாருவின் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயத்திற்குத் தூண்டுகோலானது. 1922இல் சிறு வழிபாட்டுத் தலமாகத் தொடங்கிய அவ்வாலயம் 2009இல் கண்ணாடி ஆலயமாகப் புத்துருவம் பெற்றது. தாய்லாந்து, ஜப்பான், பெல்ஜியம் ஆகிய நாடுகளின் கண்ணாடியைக் கொண்டு ஏறத்தாழ 300,000 துண்டுகள் சுவர்களிலும் தூண்களிலும் பதிக்கப்பட்டன. செட்டிநாட்டு மாளிகைகளுக்குச் சென்ற பெல்ஜியக் கண்ணாடி, பல பத்தாண்டுகளுக்குப் பின் மலேசியத் தமிழரின் ஆலயத்திலும் இடம்பெற்றது.

ஆகவே, பழங்கண்ணாடியையும் பீங்கானையும் சேகரிப்பது செல்வந்தரின் ஆடம்பரம் மட்டுமன்று. கூர்ந்து நோக்கும் பழக்கம், சான்றுகளை ஒப்பிடும் திறன், முன்னோரின் உழைப்பை மதிக்கும் பண்பு ஆகியவற்றை அது வளர்க்கிறது. இதைத் தொடங்கப் பெரும்பணம் தேவையில்லை. வீட்டில் உள்ள பழைய தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன் முத்திரையைப் படிக்கலாம். அது எப்படி வந்தது என்று மூத்தோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். தட்டு என்றேனும் உடையக்கூடும். கேட்டு எழுதிய செய்தி அடுத்த தலைமுறைக்கும் பயன்படும்.