வலைப்பக்கம் செய்து பழகலாம் வாங்க!



செல்போனில் தினமும் எத்தனையோ வலைப்பக்கங்களைப் பார்க்கிறோம். பரீட்சை ரிசல்ட் பார்க்கிறோம், படம் பார்க்கிறோம். அந்தப் பக்கத்தை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று என்றைக்காவது நினைத்தோமா? "அதெல்லாம் சென்னைக்குப் போய்ப் பெரிய படிப்பு படிச்சவங்க வேலை" என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை இல்லை. நம்ம கூட்டேரிப்பட்டில் இருந்தே பழகலாம். நான் இதுவரை மூன்று பயிற்சிப் பக்கங்கள் செய்திருக்கிறேன். ஊரைப் பற்றி ஒன்று, பஸ் நேரம் ஒன்று, பால் கணக்கு ஒன்று. அதில் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வலைப்பக்கம் என்றால் என்ன?

ஜெனீவா நகரத்துக்கு அருகே செர்ன் என்ற ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் 1989-ல் ஒரு யோசனை சொன்னார். வேறு வேறு கம்ப்யூட்டரில் இருக்கும் குறிப்புகளை எல்லா விஞ்ஞானிகளும் படிக்க வழி வேண்டும் என்பதுதான் அது. அதில் பிறந்ததே இந்த வலை. 1993 ஏப்ரல் 30-ந் தேதி செர்ன், 'இதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்' என்று அறிவித்தது. அதனால்தான் இன்றைக்கு நாமும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பக்கம் எழுத முடிகிறது.

ஒரு பக்கத்துக்கு மூன்று பாகம். எச்டிஎம்எல் என்பது வீட்டுச் சுவர் மாதிரி. சிஎஸ்எஸ் என்பது சுண்ணாம்பும் கோலமும் மாதிரி. ஜாவாஸ்கிரிப்ட் என்பது கரண்ட் மாதிரி, ஸ்விட்ச் போட்டா வேலை நடக்கும். இதை எழுத நோட்பேடும் பிரவுசரும் போதும். பழகுவதற்கு நெட் கூடத் தேவையில்லை!

பாடம் 1: முதலில் பேப்பர், அப்புறம்தான் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதில் யோசித்துக்கொண்டு இருந்தால் மணி அடித்துவிடும். அதனால் ரஃப் நோட்டில் ஒரு கட்டம் போட்டு, தலைப்பு எங்கே, படம் எங்கே, அட்டவணை எங்கே என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எச்டிஎம்எல்-லில் டேக் என்பது கணக்கில் வரும் அடைப்புக்குறி மாதிரி. பெரும்பாலும் திறந்தால் மூட வேண்டும். இதையும் பேப்பரிலேயே சரிபார்த்துவிடலாம்.

பாடம் 2: தமிழுக்கும் கம்ப்யூட்டருக்கும் எண்ணிக்கை வேறு

கூட்டேரிப்பட்டு என்ற பேரில் எத்தனை எழுத்து? கூ, ட், டே, ரி, ப், ப, ட், டு. மொத்தம் 8. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால் 15 என்று சொல்லும்! ஏன் தெரியுமா? யூனிகோட் முறையில் 'டு' என்பது ஒரு எழுத்து இல்லை. 'ட' தனி, உகரக் குறி தனி. 'ட்' என்பதிலும் புள்ளி தனியாக எண்ணப்படும். அதே மாதிரி மயிலம் நமக்கு 4, கம்ப்யூட்டருக்கு 6. விழுப்புரம் நமக்கு 6, கம்ப்யூட்டருக்கு 11. ஒரு பெட்டியில் பேர் எழுத 10 எழுத்துதான் என்று அளவு வைத்தால், நம்ம ஊர்ப் பேரே முழுசா நுழையாது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நாலு மொழியில் வலையில் போட்டார்கள். அதில் தமிழைக் கொண்டுவந்தவர் நா. கோவிந்தசாமி. அவர் எழுத்தாளர், ஆசிரியரும் கூட. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. அந்த எழுத்துரு நம்ம கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழ் தெரியாது, கிறுக்கல்தான் தெரியும். இதைச் சரிசெய்யப் பலர் உழைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அப்போது வந்ததுதான். அதிராம்பட்டினம் உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவைச் செய்து தந்தார். பிறகு யூனிகோட் எல்லா இடத்துக்கும் வந்தது. தமிழக அரசும் 2010-ல் அதை ஏற்றுக்கொண்டது.

ஆகவே பக்கத்தின் மேலேயே 'யுடிஎஃப்-8' என்று ஒரு வரி எழுத மறக்காதீர்கள். அந்த வரி இல்லையென்றால் சில கம்ப்யூட்டரில் பழைய கிறுக்கல் திரும்ப வந்துவிடும்.

பாடம் 3: கணக்குப் பக்கத்தில் விளையாட்டு கூடாது

எங்கள் தெருவில் நிறைய வீட்டில் மாடு இருக்கிறது. காலையும் சாயங்காலமும் பால் ஊத்துறாங்க. அவங்க பணம் வாங்கும்போது சரிபார்த்துக்கொள்ள ஒரு பக்கம் செய்யலாம் என்று ஆரம்பித்தேன்.

முதல் விஷயம். நாம் பெட்டியில் அடிக்கும் எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். காலை 4 லிட்டர், மாலை 3 லிட்டர் என்று அடித்து அப்படியே கூட்டச் சொன்னால் 7 வராது. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 43 என்று காட்டும்! உதாரணத்துக்கு லிட்டர் 36 ரூபாய் 50 பைசா என்று வைத்தால், 255 ரூபாய் 50 பைசா வர வேண்டிய இடத்தில் 1569 ரூபாய் 50 பைசா வந்து நிற்கும். எண்ணாக மாற்றச் சொல்லி எழுதினால்தான் கூட்டும்.

இரண்டாவது விஷயம். ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் 0, 1 என்ற இரண்டு இலக்கத்தில்தான் எண்ணும். நமக்கு மூன்றில் ஒரு பங்கு 0.333... என்று முடியாமல் போவது போல, அதற்குப் பத்தில் ஒரு பங்கு முடியாமல் போகும். கணக்குப் பாடத்தில் முடிவுறாச் சுழல் தசம விரிவு படித்தோமே, அதுதான் இங்கே! இதற்கு வழி, ரூபாயைப் பைசாவாகவும் லிட்டரை மில்லியாகவும் மாற்றி முழு எண்ணில் கணக்குப் போடுவது. கடைசியில்தான் ரூபாயாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது விஷயம்தான் ரொம்ப முக்கியம். அது எந்தக் கம்ப்யூட்டர் புத்தகத்திலும் இல்லை. பால் ஊத்துகிற ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். "தினம் ஒரே ரேட்டு கிடையாது கண்ணு, கொழுப்பு பார்த்துதான் விலை" என்றார்கள். கொழுப்பும் மற்ற சத்தும் எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை வரும். ஒரே விலையை எல்லா நாளுக்கும் போட்டு ஒரு பக்கம் செய்தால், கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாக இருக்கும், விடை மட்டும் தப்பாக இருக்கும். அதைப் பார்த்து ஒருத்தர், சரியாக அளந்து எழுதினவர் மேலேயே சந்தேகப்பட்டால் என்ன ஆகும்? சண்டை வரும். அதனால் ஒவ்வொரு வேளைக்கும் அளவு ஒரு கட்டம், விலை ஒரு கட்டம் என்று வைத்தேன். கட்டம் காலியாக இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் பேசாமல் 0 என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 'இந்த வேளை எழுதவில்லை' என்று சிவப்பில் காட்டவும் எழுதினேன். ஒரு வாரக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்து, பைசா வரைக்கும் ஒத்துப் போன பிறகுதான் பெரியம்மாவிடம் காட்டினேன்.

பாடம் 4: நம்ம போனில் சரியாக வந்தால் போதாது

பார்க்கிறவர் கையில் சின்னப் போன் இருக்கலாம், சிக்னல் குறைவாக இருக்கலாம். 4 எம்பி படம் ஒன்று, 100 கேபி படம் நாற்பதுக்குச் சமம். ஆகவே படத்தைச் சுருக்கிப் போட வேண்டும். 'வியூபோர்ட்' என்ற வரியை எழுதினால்தான் போன் அகலத்துக்கு எழுத்து படிக்கிற மாதிரி வரும். கோப்புப் பேரைச் சின்ன எழுத்திலேயே வையுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வர் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கும், படம் வராது.

பாடம் 5: தேதி போடுங்க, பேர் போடாதீங்க

பழைய பஸ் நேரம் எழுதிய பக்கத்தை நம்பி ஒருத்தர் ரோட்டில் நின்றால், பக்கமே இல்லாமல் இருந்ததை விட மோசம். திண்டிவனம் பஸ்ஸைத் தவறவிட்டால் ஆஸ்பத்திரி வேலை கூடத் தவறலாம். அதனால் 'கடைசியாகத் திருத்திய நாள்' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். தோழிகளின் போட்டோ, போன் நம்பர், வீட்டு விலாசம் இவற்றைப் பயிற்சிப் பக்கத்தில் கூடப் போடக் கூடாது. வலையில் போனதைத் திரும்ப எடுப்பது கஷ்டம்.

நீங்களும் செய்து பாருங்கள்!

1. உங்கள் பேரை எழுதி, நமக்கு எத்தனை எழுத்து, கம்ப்யூட்டருக்கு எத்தனை என்று எண்ணுங்கள்.
2. நம்ம வகுப்பு நேர அட்டவணையை எச்டிஎம்எல்-லில் எழுதுங்கள்.
3. உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தேவையான ஒரு சின்னக் கணக்கைப் பக்கமாகச் செய்யுங்கள். எழுதும் முன் அவரிடம் பத்து கேள்வி கேளுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் 'மணல்தொட்டி' என்று எழுதிப் பழகவே ஒரு பக்கம் இருக்கிறது. விழுப்புரத்தில் விஜிலக் என்ற குழு கட்டற்ற மென்பொருள் சொல்லித் தருகிறது. பெரியவர்கள் துணையோடு விசாரிக்கலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பத்துப் பக்கத்தைப் பார்த்து எழுதுவதை விட, ஒருத்தருக்கு உதவுகிற ஒரு பக்கத்தை முழுசாக முடிப்பதில் அதிகம் கற்கலாம். சந்தேகம் இருந்தால் மதியம் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேளுங்கள், ரஃப் நோட்டோடு வாங்க!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி