ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் பென்ஷன் நிற்காமலிருக்க

கொச்சிப் பக்கம் வைப்பினிலோ மட்டாஞ்சேரியிலோ மாற்றுத்திறனாளி பென்ஷன் வாங்கும் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வீட்டார் கவலைப்படும் விஷயங்களில் ஒன்று, பணம் நின்றுவிடுமோ என்பது. நிற்காது. இத்தனை நாள் உள்நோயாளியாக இருந்தால் தொகை பிடிக்கப்படும் என்ற விதி கேரளத்தின் பென்ஷனில் இல்லை.

இந்தப் பயம் பாதி கடல் கடந்து வருவது. எர்ணாகுளம் பக்கம் பல வீடுகளிலிருந்து நர்ஸ் வேலைக்குப் பிரிட்டன் போயிருக்கிறார்கள். அங்கே 18 வயது தாண்டியவர் அரசு மருத்துவமனையில் 28 நாளைக் கடந்துவிட்டால் மாற்றுத்திறனாளி உதவித்தொகை நிறுத்தப்படும். வீட்டுக்கு வந்து 28 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆனால், இரண்டு தடவையையும் கூட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கும் இப்படியொரு வரம்பு இருந்தது. கேமரன் மாத்தீசன் என்ற சிறுவனுக்காகத் தொடுத்த வழக்கில் 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்று சொன்ன பிறகுதான் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் தப்பித்தார்கள். அங்கிருந்து போனில் அக்கறையாகச் சொல்கிறவர் அந்த ஊர்ச் சட்டத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

நம் ஊரில் பணம் நிற்பது வேறு காரணத்தால். அரசு தேடும்போது ஆள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் போவார். அதை மனதில் வைத்து, அட்மிட் ஆன வாரத்திலேயே கீழே சொல்லும் வேலைகளைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில், கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வைப்பின் ஒரே தீவுதான், ஆனால் ஒரே அலுவலகம் இல்லை. தென்முனையில் உள்ள ஃபோர்ட் வைப்பின், கொச்சி மாநகராட்சியைச் சேர்ந்தது, மட்டாஞ்சேரியும் அப்படியே. வடக்கே போகப்போக எளங்குன்னப்புழ, ஞாறக்கல், நாயரம்பலம், எடவனக்காடு, குழுப்பிள்ளி, பள்ளிப்புறம் எல்லாம் தனித்தனிப் பஞ்சாயத்து. மட்டாஞ்சேரி அம்மாவை டிஸ்சார்ஜ் ஆனதும் ஞாறக்கல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்றால், இரண்டு மூன்று மாதம் மட்டும் தங்குவதற்குக் கோப்பைத் தொடவேண்டாம். நிரந்தரமாகத் தங்கப் போகிறார் என்றால் மட்டும் மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது, பணம் எந்த வழியில் வருகிறது என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் மாதம் 2,000 ரூபாய். அதற்கு முன் 1,600. வங்கிக் கணக்கில் விழுகிறவருக்கு இந்த விஷயத்தில் தொல்லை இல்லை. கூட்டுறவு சொசைட்டி ஆள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறவருக்குத்தான் சிக்கல். அவர் பயனாளியின் கையில்தான் கொடுக்கவேண்டும். பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டுப் போனால், கொடுக்காத தொகை திரும்பிப் போகும். எனவே அவருக்கும் வார்டு மெம்பருக்கும் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். நீண்ட சிகிச்சை என்று டாக்டர் சொன்னால், வங்கிக் கணக்குக்கு மாற்றக் கேட்டு உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுப்பதே நல்லது.

(2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-ம் பிரிவு, இதேபோன்ற திட்டங்களில் மற்றவர்க்குக் கிடைப்பதைவிட இவர்களுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தரச் சொல்கிறது. இங்கே முதியோருக்கும் விதவையருக்கும் இவர்களுக்கும் ஒரே 2,000. இதை யாராவது உரக்கக் கேட்கவேண்டும்.)

மூன்றாவது மஸ்டரிங். உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கொரு முறை அக்ஷயா கேந்திரத்தில் (இ-சேவை மையத்தில்) விரல் வைத்தோ கருவிழி காட்டியோ நிரூபிக்கவேண்டும். 2024, 2025 இரண்டு ஆண்டும் இது ஜூன் 25-ல் தொடங்கியது. மழையும் காய்ச்சலும் சேர்ந்து வரும் பருவம். வயதானவர்கள் அட்மிட் ஆவதும் அப்போதுதான். கேந்திரத்தில் 30 ரூபாய், வீட்டுக்கு வந்து எடுத்தால் 50 ரூபாய். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், கேந்திரத்தில் தகவல் சொன்னால் ஆள் வருவார். ஆனால் அது வீட்டுக்கான ஏற்பாடு. வார்டுக்கும் வருவாரா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். எந்த அக்ஷயாவிலும் மஸ்டரிங் செய்யலாம் என்பதால், சொந்த ஊர்க் கேந்திரத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆள் வந்தாலும் விரல் ஒத்துழைக்காமல் போகலாம். வைப்பினில் ஆண்டுக்கணக்கில் இறால் உரித்த பெண்களின் ரேகையும், ஃபோர்ட் கொச்சி வேளி தோபிகானாவில் துணி துவைத்த நம் ஆட்களின் ரேகையும் தேய்ந்தே போயிருக்கும். ஒரு கையில் கானுலா, மறு கை வீங்கியிருக்கும். கண்ணில் புரை இருந்தால் கருவிழியும் பதியாது. முயன்று பார்த்துத் தோற்றால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். மஸ்டரிங் பலிக்கவில்லை என்பதைச் சொல்லி, லைஃப் சர்டிஃபிகேட்டை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்துக் கணினியில் ஏற்றச் சொல்லவேண்டும். யார் கையெழுத்து செல்லும் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு டாக்டர்கள் கெசட்டட் அதிகாரிகள் என்பதால், எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியிலோ ஞாறக்கல் தாலுகா ஆஸ்பத்திரியிலோ இருந்தால் வேலை சுலபம். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசம் நீளும்போது இன்னொரு தேதியும் நழுவும். தற்காலிகமாகத் தரப்பட்ட ஊனச் சான்றிதழ் என்றால் அதில் காலாவதி நாள் இருக்கும். பென்ஷனுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு வைத்துக்கொண்டு மெடிக்கல் போர்டுக்கு முன்பதிவு செய்யுங்கள்.

இனி ஹோமில் சேர்க்கும் விஷயம். இதில்தான் பென்ஷன் உண்மையாகவே நிற்கக்கூடும். அகதி மந்திரத்தில், அதாவது ஆதரவற்றோர் இல்லத்தில், வாழ்கிறவருக்கு இந்தப் பென்ஷன் இல்லை என்பது தகுதி விதிகளிலேயே இருக்கிறது. அரசு மானியத்தில் சோறும் இடமும் கிடைக்கும்போது பணம் எதற்கு என்பது அதிகாரிகளின் வாதம். சோப்பும் மாத்திரையும் ஒரு வேட்டியும் அந்தச் சோற்றில் அடங்காது என்பது என் கருத்து. ஆனாலும் விதி விதிதான். எனவே சேர்க்கும் முன் ஹோம் நிர்வாகியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இவருடைய செலவுக்கு அரசு மானியம் வருகிறதா, நாங்கள்தான் கட்டணம் கட்டுகிறோமா? பதிவேட்டில் நிரந்தரவாசி என்று எழுதுவீர்களா, சில மாதத்துக்கு என்றா? ரேஷன் கார்டிலிருந்து பெயர் போகுமா? பதிலை எழுத்தில் வாங்கி உள்ளாட்சி அலுவலகத்தில் காட்டி, பென்ஷன் தொடருமா என்று கேளுங்கள். மறைத்து வாங்கினால், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அதைத் தாங்கும் நிலையில் யாரும் இல்லை.

வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு ஆஷ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் வந்துகொண்டிருந்தால், அதுவும் யோசிக்கவேண்டியது. வேலைக்குப் போகமுடியாமல் வீட்டில் கவனிப்பவருக்கான பணம் அது. நோயாளி ஹோமுக்குப் போனதும் அதற்கான காரணமே இல்லாமல் போகிறது. நீங்களே தெரிவித்துவிடுவது மேல்.

தமிழ்நாட்டிலிருந்து காளமுக்கு ஹார்பருக்கு வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் அலுவலகம் தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையை வாங்கிக்கொண்டே இங்கும் வாங்கமுடியாது. கொச்சியில் நீண்ட சிகிச்சை என்றால், அந்த அலுவலகம் கேட்கும் உயிர்ச் சான்றை இங்கிருந்து எப்படி அனுப்புவது என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் பணம் நின்றுவிட்டதா? மஸ்டரிங் காலக்கெடு தவறியிருந்தால் இப்போதும் போய்ச் செய்யலாம். காரணம் வேறு என்றால், எதனால் நிறுத்தினீர்கள் என்று கேட்டு பஞ்சாயத்துச் செயலாளருக்கோ மாநகராட்சிச் செயலாளருக்கோ மனு கொடுங்கள். அட்மிஷன் தேதியும் டிஸ்சார்ஜ் தேதியும் தெரியும் தாளின் நகலை அதோடு வையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளுக்குள் சொல்லியாகவேண்டும். அதற்கும் மேலே போவதானால், திருவனந்தபுரத்தில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். அந்த மனுவோடும் முதல் மனுவின் ரசீது நகல் போகட்டும்.