செல்போன் திரையை நாமே மாற்றலாமா?



போன மாதம் கூடுவாஞ்சேரி ரயில் நிலையப் படியில் அம்மாவின் செல்போனைக் கீழே போட்டுவிட்டேன். திரை சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது. படம் தெரிந்தது, தொட்டால் வேலை செய்யவில்லை. அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். அளவு, டிசைன் படம், பணம் எல்லாம் அந்த ஒரு போனில்தான் வரும். “டேய், இது போச்சுன்னா ஆர்டரும் போச்சுடா” என்றார். கடையில் 2,800 ரூபாய் கேட்டார்கள். மாமா ரிச்சி தெருவுக்குப் போய் 1,100 ரூபாய்க்குத் திரை வாங்கி வந்தார். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லிக்கொடுக்க, நானும் மாமாவும் உட்கார்ந்தோம்.

முதலில் கொஞ்சம் அறிவியல். திரை என்பது ஒரே பொருள் இல்லை. மேலே கண்ணாடி, அதன் கீழே தொடுபடலம், அதற்கும் கீழே படம் காட்டும் பகுதி. தொடுபடலத்தில் இண்டியம் டின் ஆக்சைடு என்னும் மின்சாரம் கடத்தும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கிறது. நம் விரலும் மின்சாரம் கடத்தும். எனவே விரல் பட்ட இடத்தில் மின்தேக்குதிறன் மாறுகிறது. அதை வைத்தே போன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. சாதாரண பேனா மூடியால் தொட்டால் வேலை செய்யாததன் காரணம் இதுதான்.

செய்த முறை:

1. படங்களையும் எண்களையும் வேறு போனில் சேமித்தோம். போனை அணைத்து, சிம் கார்டை எடுத்தோம். பேட்டரியில் சார்ஜ் குறைவாக இருப்பது நல்லது.

2. உடைந்த கண்ணாடி மேல் செலோடேப் ஒட்டினோம். கண்ணாடித் தூள் கண்ணில் படாமல் மூக்குக்கண்ணாடி அணிந்தோம்.

3. தலை உலர்த்தியால் ஓரங்களைச் சூடாக்கி, பழைய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துப் பின்மூடியைத் திறந்தோம்.

4. ஸ்குரூக்களைக் கழற்றிய இடப்படியே ஒரு தாளில் படம் வரைந்து ஒட்டினோம். நீள ஸ்குரூவைக் குட்டை ஸ்குரூ இடத்தில் முறுக்கினால் உள்ளே இருக்கும் பலகை கெட்டுவிடும்.

5. முதலில் பேட்டரி இணைப்பை எடுத்து, பிறகுதான் திரை இணைப்பை எடுத்தோம்.

எதிர்பாராத சிக்கல்கள் மூன்று:

ஒன்று. பழைய திரை வரவில்லை. அவசரத்தில் இரும்பு ஸ்கேலை எடுத்தேன். மாமா கையைப் பிடித்து, “உள்ளே பேட்டரி இருக்குடா!” என்று கத்தினார். லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் உள்ளே இரு முனைகளும் சேர்ந்து தீப்பிடிக்கும். மறுபடி சூடாக்கி, பொறுமையாக எடுத்தோம்.

இரண்டு. புதுத் திரையில் படம் வந்தது, தொடுதல் வேலை செய்யவில்லை. திரை கெட்டது என்று நினைத்து அழுகையே வந்தது. பேட்டரியை எடுத்துவிட்டு, இணைப்பைக் கழற்றி மறுபடி அழுத்தினோம். ‘டக்’ என்று உட்கார்ந்தது. வேலை செய்தது! அதனால் ஒட்டுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று. ஒட்டியபின் பேசும்போது திரை கறுப்பாகியே இருந்தது. காது அருகில் வந்தால் திரையை அணைக்கும் சிறு சென்சார் மேல் நான் பசையைப் பூசியிருந்தேன். பசை காயும் முன் மேல் ஓரத்தைத் தூக்கி, சாராயக் கரைசலில் நனைத்த பஞ்சால் துடைத்தோம். பிறகு ரப்பர் பேண்டு போட்டு ஒரு ராத்திரி வைத்தோம்.

காலையில் முதல் அழைப்பே ஒரு ரவிக்கை ஆர்டர்! அம்மா சிரித்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

கடைக்கே கொண்டு போக வேண்டியவை: பேட்டரி உப்பிய போன், தண்ணீரில் விழுந்த போன், உத்தரவாதம் முடியாத போன். உடைந்த திரையைக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். 2022-ல் இந்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஒரு இணையத்தளமே தொடங்கியது. பழுதுபார்ப்பதும் ஒரு படிப்புதான். ஆனால் பெரியவர்கள் உடன் இல்லாமல் செய்யாதீர்கள், நண்பர்களே!

– 11ஆம் வகுப்பு மாணவன்