அறைக்குள் ஒருவர், வெளியே இருவர்

"ரேடியேஷன்ல வேலையா? நாளைக்குக் குழந்தை பிறக்காதே!"

ரேடியோதெரபி டெக்னாலஜி படித்த பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இந்தப் பேச்சு தவறாமல் வரும். பையன் என்றால் முடி கொட்டிவிடுமாம்.

புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் (லினாக்) மின்சாரத்தில் ஓடுவது. பீம் ஓடும்போதுதான் கதிர். அப்போது அறைக்குள் நோயாளி மட்டுமே இருப்பார். டெக்னாலஜிஸ்டுகள் கனத்த கான்கிரீட் சுவருக்கு வெளியே, கேமரா திரையில் கண் வைத்திருப்பார்கள். கதவைத் திறந்தால் பீம் தானாக நின்றுவிடும். கோபால்ட் இயந்திரம் மட்டும் சற்று வேறு. அதிலுள்ள கதிரியக்கப் பொருள் எந்நேரமும் கதிர் வீசும். மூடியிருந்தாலும் கொஞ்சம் கசியும். அதனால் அங்கே வேலையை மளமளவென்று முடித்து வெளியேறப் பழக்குகிறார்கள். ஈய ஏப்ரன் எங்கே என்று தேடாதீர்கள். இந்த ஆற்றலுக்கு அது போதாது, சுவர்தான் காவல்.

நெஞ்சில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜ், உடல் வாங்கும் கதிரைக் கணக்கு வைத்துக்கொள்ளும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்த வரம்பு ஐந்து ஆண்டுகளில் 100 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30க்கு மேல் கூடாது. கர்ப்பத்தைத் தெரிவித்துவிட்டால் வயிற்றிலுள்ள சிசுவுக்கென்று தனி வரம்பு: 1 மில்லிசீவர்ட்.

அடுத்தது, "பட்டனை அமுக்குற வேலைதானே?" என்ற இளக்காரம். இதுதான் எனக்கு அதிக எரிச்சல். தொண்டைப் புற்றுநோய் என்றால் முதலில் முகமூடி செய்யும் மோல்டு ரூம். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, முகத்தின் மேல் இழுத்துப் பொருத்தி, இறுகும்வரை பிடித்திருப்பார்கள். "எச்சில் முழுங்கலாம்மா, தலையை மட்டும் அசைக்காதீங்க." பிறகு ஆறேழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், அதே முகமூடி, சுவரிலிருந்து வரும் லேசர் கோட்டோடு அதே அடையாளம். சில மில்லிமீட்டர் பிசகினால் கதிர் தண்டுவடத்தின் பக்கம் போகலாம். சாப்பிட முடியாமல் நோயாளி இளைக்க இளைக்க முகமூடி தொளதொளக்கும். அதை முதலில் கவனிப்பவர் டாக்டர் அல்ல, தினமும் மாட்டிவிடும் டெக்னாலஜிஸ்ட். அவர் சொன்னால்தான் மறுபடி ஸ்கேன், புதுத் திட்டம்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரிடம் கதிர் ஒட்டியிருக்குமா? வெளியிலிருந்து பாய்ச்சும் கதிரில் அந்தப் பேச்சே இல்லை. பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவருக்கோ சில நாள் விலகல் உண்டு.

எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்பும் ரேடியோதெரபி டெக்னாலஜியும் ஒன்றல்ல. அது படம் பிடிப்பது, இது சிகிச்சை தருவது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவர்கள் சேரலாம். சேருமுன் கல்லூரியில் ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: வளாகத்திலேயே லினாக் ஓடுகிறதா, மாணவர்களை அதன் கன்சோலில் உட்கார விடுவார்களா?