வாய் ஒண்ணுதான், உள்ளே வேற வேற!

பாப்பா, புதுப் போன் வாங்கிட்டேன்னு சந்தோஷமா சொன்னே. அடுத்த வாரமே "அக்கா, சார்ஜே ஏறல, போன் கோளாறு போல"ன்னு அழறே. எனக்கும் ஓசூர் ஹாஸ்டலுக்கு வந்த புதுசுல இதேதான் நடந்தது. நைட் ஷிப்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டேன். 12-லேர்ந்து 30 சதவீதம்தான் ஏறிச்சு. காலையில பஸ் ஸ்டாண்டுல நின்னு அம்மாவுக்குக் கூப்பிடலாம்னு எடுத்தா, போன் ஆஃப். போன் மேல தப்பே இல்ல. வீட்டுலேர்ந்து கொண்டுவந்த பழைய அடாப்டர்லதான் கோளாறு.

அடாப்டர் முதுகுல பொடி எழுத்துல 'அவுட்புட்'னு இருக்கும். தோழி போன்ல போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் பாரு. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா வாட். என்னோடதுல 5 வோல்ட், 1 ஆம்பியர்; வெறும் 5 வாட். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி அதுல நிறைய அஞ்சாறு மணி நேரம் ஆகும். லாக்கர்ல போனை வெச்சுட்டு வேலைக்குப் போற நமக்கு, குளிச்சுச் சாப்பிடற நேரத்துக்குள்ள சார்ஜ் ஏறணும். டைப்-சி வாய் இருக்கிற 20, 25 வாட் பி.டி. (பவர் டெலிவரி) அடாப்டர் ஒண்ணு வாங்கிக்கோ. இப்ப நிறையப் போன் பெட்டியில ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்கிற கேபிள் மட்டும்தான் வருது. அது பழைய அகல வாய் அடாப்டர்ல நுழையவே நுழையாது.

ஐபோன்காரங்க கவனிக்கணும். 14 வரைக்கும் லைட்னிங் பின். 2023 செப்டம்பர்ல வந்த 15-லேர்ந்து டைப்-சி. ஐரோப்பாவுல போட்ட பொது சார்ஜர் சட்டம் இதுக்கு ஒரு பெரிய காரணம். ஓசூர் பக்கத்துலேயே டாடா எலக்ட்ரானிக்ஸ்ல ஐபோனோட மேல்கூடு செய்யறாங்க. அங்க வேலை பார்க்கிற பொண்ணுங்க ரூம்லயும் ராத்திரியில "யார்கிட்ட பழைய பின் இருக்கு?"ன்னு கேக்கற குரல் வரும்.

வாய் ஒரே மாதிரி இருந்தா எல்லாம் பொருந்தும்னு நினைக்காதே. ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி போன்கள்ல முழு வேகம் வேணும்னா அவங்களோட சூப்பர்வூக் அடாப்டரும் அதுக்கேத்த கேபிளும் வேணும். சாம்சங்கோட 25 வாட் வேகத்துக்கு அடாப்டர்ல 'பி.பி.எஸ்.' இருக்கணும். வேற அடாப்டர்லயும் சார்ஜ் ஏறும், ஆனா வேகம் குறையலாம்.

இன்னொண்ணு, நிறையப் பேர் ஏமாந்து தூக்கிப் போடறது. விலை குறைஞ்ச நெக்பேண்ட், குட்டி ஃபேன், விளக்கு சிலதுக்கு சி-டு-சி கேபிள் போட்டா உயிரே வராது. அதுக்குள்ள 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் ரெண்டு வெக்காம விட்டிருப்பாங்க. அது இல்லேன்னா டைப்-சி வாய் அடாப்டர் கரண்ட் தராது. அகல வாய் அடாப்டர்ல, ஏ-டு-சி கேபிள்ல போட்டுப் பாரு. ஏறிச்சுன்னா சாமான் நல்லாத்தான் இருக்கு. அதுக்காகவே பழைய கேபிள் ஒண்ணைப் பத்திரமா வெச்சுக்கோ.

கேபிள் ஆடுதா, அசைச்சாதான் ஏறுதா? கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி போனை ஆஃப் பண்ணிட்டு, டார்ச் அடிச்சு ஓட்டைக்குள்ள பாரு. பையில வெச்சு வெச்சு பஞ்சு அடைச்சிருக்கும். நான் ஒரு தடவை மரப் பல்குச்சியால மெதுவா எடுத்தப்ப, சாம்பல் நிறத்துல சுருண்ட பஞ்சு, எள்ளு அளவுக்கு ரெண்டு வந்தது. அப்புறம் கேபிள் 'டக்'குனு உக்காந்தது. குண்டூசி, ஹேர்பின் விடவே விடாதே. ஈரம் பட்டிருந்தா நல்லா காயற வரைக்கும் சொருகாதே.

வார லீவுல பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கறதா இருந்தா, போனையும் அடாப்டரையும் எடுத்துட்டுப் போ. மாத்தறதுக்கு மறுபடி அத்திப்பள்ளி தாண்டி 40 கிலோமீட்டர் யார் போறது? கடையிலேயே சொருகி, திரையில 'ஃபாஸ்ட் சார்ஜிங்' வருதான்னு பாரு. போன்ல சார்ஜ் பாதிக்குக் கீழ இருக்கட்டும். 80-க்கு மேல எந்தக் கேபிள்லயும் மெதுவாத்தான் ஏறும். அடாப்டர்ல 'ஆர்' எழுத்தோட ஒரு பதிவு எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்ல போட்டுப் பாரு. நம்பர் இல்லாத அடாப்டரை, எவ்வளவு மலிவா குடுத்தாலும், தலைமாட்டுல சொருகிட்டுத் தூங்காதே. இதுல மட்டும் அக்கா பேச்சைத் தட்டாதே.

ஹாஸ்டல் பிளக்ல எட்டு கேபிள் தொங்கும், எது யாரோடதுன்னே தெரியாது. நான் என்னோடதுல ரெண்டு முனையிலயும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வெச்சிருக்கேன். நீ பச்சை வெச்சுக்கோ.